சென்னையிலிருந்து புலி பார்க்கப் போவது: முதுமலையா, தடோபாவா?

வேளச்சேரி வேணு

எல்லோருக்கும் வணக்கம். மே மாத லீவில் குடும்பத்தோடு புலி பார்க்கப் போகலாம் என்று ஒரு யோசனை. நான், மனைவி, எட்டாவதும் ஐந்தாவதும் படிக்கிற இரண்டு பையன்கள், கூட அம்மா. ஆபீஸில் ஒருவர் மகாராஷ்டிரத்துத் தடோபா புலிக் காப்பகத்துக்குப் போய்விட்டு வந்து, ஜீப்புக்குப் பக்கத்திலேயே புலி நடந்து போகிற வீடியோவை எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிட்டார். சின்னவனுக்கு அதற்கப்புறம் வேறு பேச்சே இல்லை.

முதுமலை என்றால் பக்கம், செலவு குறைவு, ஊட்டியும் பார்த்த மாதிரி ஆகிவிடும் என்பது மனைவியின் கட்சி. புலி கட்டாயம் தெரியணும் என்றால் எங்கே போவது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

லென்ஸ் கோபி

"கட்டாயம்" என்று எந்தக் காட்டிலும் யாரும் சொல்ல முடியாது. அப்படிச் சொல்லி முன்பணம் கேட்கிறவரிடம் பணம் கொடுக்காதீர்கள். ஆனால் வாய்ப்பு எங்கே அதிகம் என்று கேட்டால் யோசிக்காமல் தடோபா என்பேன். கோடையில் இலை உதிர்ந்து மூங்கில் காடு வெளிறிக் கிடக்கும், தண்ணீர் இருக்கிற இடமும் குறைவு. மே மாதம் சந்திரப்பூர் பக்கம் 45 டிகிரியைத் தொடும். புலி உடம்பு முக்கால்வாசி முங்க குட்டையில் உட்கார்ந்திருக்கும். தலைமுறை தலைமுறையாக ஜீப்பைப் பார்த்துப் பழகிய புலிகள், வண்டி வந்தால் எழுந்துகூடப் போகாது.

சென்னையிலிருந்து டெல்லி போகிற கிராண்ட் ட்ரங்க் எக்ஸ்பிரஸ் சந்திரப்பூரில் நிற்கும். அங்கிருந்து தடோபாவின் மொஹர்லி வாசல் பக்கம். செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை, அதைப் பார்த்து டிக்கெட் போடுங்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை மையப்பகுதி மூடியிருக்கும். ஒரு ஜீப்பில் 6 பேர், கூடவே ஓட்டுநர், வழிகாட்டி. முன்பதிவில் கொடுத்த அடையாள அட்டையின் அசலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், வாசலில் பெயர் சரிபார்ப்பார்கள். மையப்பகுதி கிடைக்காவிட்டால் வெளிவட்டக் காட்டுக்குப் போங்கள், அங்கேயும் புலி நன்றாகவே தெரிகிறது, கட்டணமும் குறைவு.

முதுமலைக்குப் புலிக்காகப் போகாதீர்கள். யானைக்குப் போங்கள்.

கூடலூர்க்காரி

கோபி சொன்ன கடைசி வரி எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சுருக்கென்று இருக்கும். ஆனால் தப்பில்லை. நான் கூடலூரில் பிறந்து வளர்ந்தவள், இப்போது நங்கநல்லூர்வாசி. முதுமலையின் தெப்பக்காட்டில் வனத்துறை வேனில் ஏற்றி ஒரு குறிப்பிட்ட தடத்தில் சுற்றிக் காட்டுவார்கள். தனியார் ஜீப்பை மையப்பகுதிக்குள் விடுவதில்லை. யானை, காட்டெருமை, புள்ளிமான், மயில் தெரியும். அதிர்ஷ்டம் இருந்தால் செந்நாய்க் கூட்டம். புலி தெரிந்தால் அன்றைக்கு தெப்பக்காடு டீக்கடையில் அதுதான் பேச்சு.

இதை வைத்து முதுமலையில் புலி குறைவு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முதுமலை, பந்திப்பூர், நாகரஹொளே, வயநாடு நான்கும் சேர்ந்து ஒரே தொடர்காடு. 2018 கணக்கெடுப்பில் இந்தத் தொகுதியில் மட்டும் 724 புலிகள். ஒரே இடத்தில் இவ்வளவு புலி உலகத்தில் வேறெங்கும் இல்லை என்று அப்போது சொன்னார்கள். கண்ணில் படாததற்குக் காரணம் பசுமையும் உண்ணிச்செடியும்தான். ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடக்கிறது. சாலையிலிருந்து பத்தடி உள்ளே புலி படுத்திருந்தாலும் தெரியாது. அந்தச் செடி புல்லை வளரவிடாது, புல் இல்லாவிட்டால் மானுக்குத் தீனி இல்லை. அதற்கு மேல் இப்போது மஞ்சள் கொன்றை வேறு. அலங்காரத்துக்கு என்று வந்த மரம், காட்டையே பிடித்துக்கொண்டது. வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்புகிறார்கள்.

அண்ணா நகர் அபி

இவ்வளவு அலைச்சல் எதற்கு? பையன்களுக்குப் புலி பார்க்கணும், அவ்வளவுதானே. வண்டலூரில் வெள்ளைப் புலியே இருக்கிறது. காலையில் போய் மத்தியானம் வீட்டுக்கு வந்துவிடலாம். அது அரிய இனமாமே?

பழைய பச்சை

வண்டலூர் போவதில் ஒரு குறையும் இல்லை அம்மா. 1855இல் எழும்பூர் மியூசியத்தில் பால்ஃபர் ஆரம்பித்து, சென்ட்ரல் பக்கத்துப் பீப்பிள்ஸ் பார்க்கில் இடநெருக்கடியில் கிடந்த விலங்குக்காட்சி சாலை, 1985இல் வண்டலூர் காட்டுக்கு வந்தது பெரிய மாற்றம். பழைய இடத்தைப் பார்த்தவர்களுக்கு அது புரியும்.

ஆனால் வெள்ளைப் புலி தனி இனம் இல்லை. நம் வங்கப் புலிதான், நிறத்துக்கான ஒரு மரபணு மாறியிருக்கிறது. 1951இல் ரேவா மகாராஜா பிடித்த மோகன் என்ற குட்டியிடமிருந்துதான் இன்று கூண்டுகளில் இருக்கிற பெரும்பாலான வெள்ளைப் புலிகளின் வம்சம் தொடங்குகிறது. நிறம் போய்விடக் கூடாது என்று நெருங்கிய உறவுக்குள்ளேயே சேர்த்துச் சேர்த்து, மாறுகண் உட்படப் பல குறைகள். புலிப் பாதுகாப்புக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது.

நான் வனத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், இப்போது தாம்பரத்தில். வேணு சார், பிள்ளைகளைக் கூட்டிப் போகிறீர்கள் என்பதால் ஒன்று சொல்கிறேன். புலியைக் கண்ணால் தேடாதீர்கள், காதால் தேடச் சொல்லுங்கள். புள்ளிமான் கத்தும், ஆனால் அது எதற்கெடுத்தாலும் கத்தும். மரத்து மேலிருக்கிற லங்கூர் குரங்கு இருமுகிற மாதிரி குரல் கொடுத்தால் கொஞ்சம் நம்பலாம். கடமான் காலைத் தட்டி ஒரே இடத்தைப் பார்த்துத் திரும்பத் திரும்பக் குரல் கொடுத்தால் வண்டியை நிறுத்திவிட்டு எஞ்சினை அணைத்துவிட வேண்டும். நல்ல ஓட்டுநர் கேட்காமலே அணைப்பார். இது முதுமலையிலும் கிடைக்கும், தடோபாவிலும் கிடைக்கும்.

கணக்குப்பிள்ளை

எண்களை ஒரு இடத்தில் போட்டுவைக்கிறேன், பின்னால் வருகிறவர்களுக்கு உதவும்.

புலித் திட்டம் தொடங்கியது 1973 ஏப்ரல் 1, 9 காப்பகங்களோடு. கேமரா வைத்து எண்ண ஆரம்பித்த பிறகு நாடு முழுவதும்: 2006இல் 1411, 2010இல் 1706, 2014இல் 2226, 2018இல் 2967, 2022இல் 3682. தமிழ்நாடு மட்டும்: 76, 163, 229, 264, 306. நம் மாநிலத்தில் இப்போது 5 காப்பகங்கள். களக்காடு முண்டந்துறைதான் மூத்தது, 1988. அப்புறம் ஆனைமலை, முதுமலை, சத்தியமங்கலம், 2021இல் வந்த ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை.

லென்ஸ் கோபி

பார்த்தீர்களா, 76லிருந்து 306. இதற்கான காசு எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள்? மொஹர்லியில் ஜீப் ஓட்டுகிறவர், வழிகாட்டி, அறை வாடகைக்கு விடுகிறவர், சமையல்காரர், எல்லாரும் உள்ளூர் ஆட்கள். புலி உயிரோடு இருந்தால்தான் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியும். மத்தியப் பிரதேசத்துப் பென்ச் காப்பகத்தில் "காலர்வாலி" என்ற பெண்புலி 8 ஈற்றில் 29 குட்டி போட்டது. 2022இல் அது செத்தபோது ஊர் மக்கள் மாலை போட்டு எரியூட்டினார்கள். சுற்றுலா இல்லாத காட்டில் இந்த ஒட்டுதல் வராது. நாம் கொடுக்கிற டிக்கெட் காசுதான் புலியைக் காப்பாற்றுகிறது.

சத்தி கதிர்

இதை மட்டும் ஒத்துக்கொள்ள முடியாது கோபி அண்ணா.

நான் சத்தியமங்கலத்துக்காரன், ஓஎம்ஆரில் வேலை. எங்கள் காட்டுக்கு யார் சுற்றுலா வந்தார்கள்? 2004 வரைக்கும் வீரப்பன் பயத்தில் யாரும் உள்ளே காலை வைக்கவில்லை. 2008இல்தான் சரணாலயம், 2013இல் காப்பகம். 1400 சதுர கிலோமீட்டருக்கு மேல் காடு, முதுமலை மாதிரி பேர் கிடையாது, தடோபா மாதிரி ஜீப் வரிசை கிடையாது. புலி எண்ணிக்கையை இரட்டிப்பாக்கியதற்கான உலக விருது 2022இல் எங்கள் சத்திக்குத்தான் வந்தது. நீங்கள் சொல்கிற டிக்கெட் காசு அங்கே எங்கே?

வேட்டைத் தடுப்பு முகாமில் உட்கார்ந்திருக்கிற சோளகர், இருளர், ஊராளிப் பழங்குடிப் பையன்கள்தான் அந்த எண்ணிக்கைக்குக் காரணம். மழையில் நனைந்து யானைக்கு ஒதுங்கி நடக்கிறவர்கள், பாதிப் பேருக்குமேல் தற்காலிகக் கூலி. அவர்களுடைய படத்தை யாரும் வாட்ஸ்அப்பில் போடுவதில்லை.

லென்ஸ் கோபி

தம்பி, காவலர்களை யார் குறைத்துச் சொன்னது? ஆனால் யாருமே போகாத காட்டில் என்ன நடக்கிறது என்று வெளியே தெரியாது. 2023 பிப்ரவரியில் உங்கள் சத்தியிலேயே வடக்கிலிருந்து வந்த வேட்டைக் கும்பல் புலித்தோலோடு பிடிபட்டது. பயணிகள் நடமாட்டம் இருக்கிற காட்டில் ஒரு புலி நான்கு நாள் கண்ணில் படாவிட்டால் வழிகாட்டிகளே கேள்வி கேட்பார்கள்.

பழைய பச்சை

கோபி சார் சொல்வதில் பாதி உண்மை. மறுபாதிக்கு சரிஸ்கா இருக்கிறது.

ராஜஸ்தானில் சரிஸ்கா டெல்லிக்குப் பக்கம், பயணிகள் குவிகிற இடம். அங்கே 2004 வரைக்கும் தாளில் புலி இருந்தது. 2005 ஆரம்பத்தில் தேடிப் பார்த்தால் ஒன்றுகூட இல்லை, வேட்டையில் மொத்தமும் போய்விட்டது. 2009இல் மத்தியப் பிரதேசத்துப் பன்னாவும் அதே கதி. அங்கேயும் சஃபாரி ஓடிக்கொண்டுதான் இருந்தது. பயணிகள் வந்ததால் புலி போனது என்று நான் சொல்லவில்லை. டிக்கெட் விற்றதால் மட்டும் புலி நிற்கவில்லை என்கிறேன்.

அந்தக் காலத்தில் எண்ணிய முறையே கோளாறு. ஈரமண்ணில் கால்தடம் பார்த்து, மேலே கண்ணாடி வைத்து, தாளில் வரைந்து, இது ஆண், இது பெண், இது போன வருஷத்துப் புலி என்று எழுதுவோம். ஒரே புலி மணலில் வைத்த தடமும் சேற்றில் வைத்த தடமும் ஒன்றுபோல இருக்காது. மேலே இருப்பவருக்கு எண்ணிக்கை கூட வேண்டும் என்றால் கூடத்தான் செய்யும். சரிஸ்காவுக்கு அப்புறம்தான் அந்த முறையைத் தூக்கிப்போட்டார்கள். நாகரஹொளேயில் புலி ஆய்வாளர் உல்லாஸ் கரந்த் 90களிலேயே கேமரா வைத்துச் செய்துகாட்டியதுதான் இன்றைய முறைக்கு அடிப்படை. வரி என்பது புலிக்குக் கைரேகை மாதிரி. இரண்டு பக்கமும் கேமரா கட்டி, விழுந்த படங்களை ஒப்பிட்டு, திரும்பத் திரும்ப விழுகிற புலி எத்தனை, புதிதாக விழுகிறது எத்தனை என்று பார்த்து, படமே விழாமல் போனவற்றையும் கணிக்கிறார்கள். 2018இல் 26,838 இடங்களில் கேமரா வைத்தார்கள். மூன்றரைக் கோடிப் படத்துக்குக் கொஞ்சம் குறைவு, அதில் புலி இருந்தவை 76,651.

பன்னாவை மீட்டது தனிக்கதை. அதே மாநிலத்துக் காப்பகங்களான பாந்தவ்கர், கன்ஹாவிலிருந்து பெண்புலிகள், பென்ச்சிலிருந்து ஒரு ஆண். அந்த ஆண்புலிக்குப் புது ஊர் பிடிக்கவில்லை, கிளம்பிப் பென்ச் திசையிலேயே நடக்க ஆரம்பித்துவிட்டது. யானைகளோடு வாரக்கணக்கில் பின்னாலேயே போய், மயக்க ஊசி போட்டுத் திரும்பத் தூக்கி வந்தார்கள். 2010 ஏப்ரலில் குட்டிகள். இன்றைக்குப் பன்னாவில் பிறந்து திரிகிற பல புலிகளுக்கு அந்தக் கோபக்காரன்தான் மூதாதை.

அண்ணா நகர் அபி

பச்சை சார், இதையெல்லாம் ஒரு தனி இழையாகவே எழுதுங்களேன். அப்புறம் ஒரு சந்தேகம். 2012இல் சுப்ரீம் கோர்ட் சஃபாரியே கூடாது என்று சொன்னதாக ஞாபகம். அப்புறம் எப்படி எல்லா இடத்திலும் ஓடுகிறது?

கணக்குப்பிள்ளை

2012 ஜூலையில் மையப்பகுதிச் சுற்றுலாவுக்கு இடைக்காலத் தடை வந்தது. தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் விதிமுறை வெளியிட்ட பிறகு அக்டோபரில் விலக்கிக்கொண்டார்கள். அந்த விதிமுறைப்படி, ஏற்கெனவே சுற்றுலா நடக்கிற காப்பகங்களில் மையப்பகுதியின் 20 சதவீதத்துக்குள் மட்டும் அனுமதி. எத்தனை வண்டி என்பதற்கும் வரம்பு உண்டு. அதாவது தடோபா மையப்பகுதிப் புலி என்று நாம் பார்க்கிற சுற்றுலா வீடியோ எல்லாம் அந்தச் சிறு பகுதியில் எடுத்தவை.

நீர்க்கணக்கையும் சொல்லிவிடுகிறேன். கூடலூர்க்காரி அக்கா ஊரிலிருந்து வருகிற மாயாறு பவானிசாகரில் விழுகிறது. பவானி ஆறு கூடுதுறையில் காவிரியோடு சேர்கிறது. கொள்ளிடம் கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணம். வீராணத்திலிருந்து 2004 முதல் குழாயில் சென்னைக்கு. முதுமலைக்குப் போகாதவர் வீட்டுக் குடத்திலும் அந்தக் காட்டின் பங்கு கொஞ்சம் இருக்கிறது. கோபி சொல்கிற டிக்கெட் வருமானத்தோடு இதையும் சேர்த்து எழுதினால்தான் வரவுசெலவு சரியாக வரும்.

கூடலூர்க்காரி

சுற்றுலா பற்றி எங்கள் பக்கத்து ஆட்களுக்கு வேறு கோபம். மசினகுடி, சீகூர் பக்கம் யானை வழித்தடத்தில் கட்டிய ரிசார்ட்டுகளை மூட வேண்டும் என்று 2020 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டே உறுதி செய்தது. அதில் பலர் விளம்பரப்படுத்தியது "புலி பார்க்கலாம்" என்றுதான். ராத்திரியில் ஜீப்பில் ஏற்றி, சர்ச்லைட் அடித்து, கிராமத்துச் சாலையில் சுற்றிவிட்டு "நைட் சஃபாரி" என்று காசு வாங்குவார்கள். எங்கள் அலுவலகத்திலிருந்து போனவர்களை ஒரு விடுதி அப்படித்தான் கூட்டிப் போயிருக்கிறது. பார்த்தது இரண்டு முயலும் ஒரு எருமையும், அதுவும் வீட்டு எருமை. வேணு, அப்படி யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள், அது சட்டவிரோதம்.

2021இல் டி23 என்ற புலியைப் பிடிக்க மூன்று வாரம் எங்கள் ஊரே திண்டாடியது. நான்கு பேரைக் கொன்றது என்று சொன்னார்கள். மாடு மேய்க்கவும் தோட்டத்துக்கும் போக முடியவில்லை. சுட்டுவிடுங்கள் என்று மறியல் நடந்தது. சென்னையில் என் தோழிகள் எல்லாம் "பாவம் புலி" என்று ஸ்டேட்டஸ் வைத்தார்கள். எனக்கும் புலி சாக வேண்டும் என்று இல்லை, ஆனால் அந்த மூன்று வாரம் எங்கள் சித்தி தனியாக வாசலுக்கு வரவில்லை. கடைசியில் ஹைகோர்ட் கொல்லக் கூடாது என்று சொல்லி, அக்டோபர் 15 அன்று உயிரோடு பிடித்து மைசூருக்கு அனுப்பினார்கள். உடம்பெல்லாம் காயம்.

லென்ஸ் கோபி

அது சரி. இதற்கு என்னிடம் பதில் இல்லை. கர்நாடகத்தில் கபினி பக்கத்து விவசாயிகள், சஃபாரி வண்டிகளின் தொல்லையால்தான் புலி வெளியே வருகிறது என்கிறார்கள். 2025 நவம்பரில் அடுத்தடுத்துப் புலி தாக்கி ஆட்கள் இறந்தபோது, பந்திப்பூர், நாகரஹொளே சஃபாரியையே கர்நாடக அரசு நிறுத்தியது. ஊழியர்களைப் புலி பிடிக்கிற வேலைக்கு அனுப்பினார்கள். வண்டிதான் காரணம் என்று நான் நம்பவில்லை. புலி பெருகினால் இளம் ஆண்புலி இடம் தேடி வெளியே வரத்தான் செய்யும். இரண்டு வயதில் தாய் துரத்திவிடும், உள்ளே பெரிய ஆண் அடித்துவிரட்டும், கரும்புத் தோட்டத்தைத் தவிர அது எங்கே போகும்? வேணு சார், அந்தப் பக்கம் யோசித்தால் சஃபாரி அப்போது எப்படி நடக்கிறது என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

வேளச்சேரி வேணு

நான் டிக்கெட் விலை கேட்க வந்தேன், இங்கே கோர்ட்டு கேஸ் எல்லாம் ஓடுகிறது! ஆனால் நிறுத்தாதீர்கள், படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். கதிர், ஒரு கேள்வி. மாட்டைப் புலி அடித்தால் அரசு நஷ்டஈடு தருகிறதே, அப்புறமும் ஏன் விஷம் வைக்கிறார்கள்?

சத்தி கதிர்

நஷ்டஈடு உண்டு, ஆனால் கைக்கு வருவதற்குள் அடுத்த மாடு வாங்குகிற நேரம் போய்விடும். எங்கள் பெரியப்பாவின் கறவைமாடு போனபோது, வனத்துறை ஆள் பார்க்கணும், கால்நடை டாக்டர் சான்று கொடுக்கணும், அப்புறம் பேங்க் பாஸ்புக், அப்புறம் போட்டோ சரியில்லை என்று திரும்ப அனுப்பினார்கள். பணம் வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. அதற்குள் பால் சொசைட்டிக்கு ஊற்றுவது நின்று, வட்டிக்கு வாங்கியாகிவிட்டது.

விஷம் வைப்பது ஏன் சுலபம் என்றால், புலி அடித்ததை ஒரே நாளில் தின்பதில்லை. மறைத்து வைத்துவிட்டு அடுத்த இரண்டு மூன்று நாள் திரும்பி வரும். கோபத்தில் இருப்பவருக்கு அந்தப் பிணத்தில் பூச்சிமருந்து ஊற்ற ஒரு நிமிஷம் போதும். 2023 செப்டம்பரில் நீலகிரி அவலாஞ்சி பக்கம் இரண்டு புலி செத்தது இப்படித்தான். காப்பகத்துக்கு வெளியே நடந்தது அது. முதல் நாளே ஒரு அதிகாரி வந்து, கையில் கொஞ்சம் பணத்தைக் கொடுத்து, மீதியை அப்புறம் தருகிறேன் என்று சொல்லியிருந்தால் பாதி விஷம் குறையும் என்பது என் கணக்கு. கோபி அண்ணா சொல்கிற சுற்றுலாக் காசில் ஒரு பங்கு இதற்குப் போகட்டும், நானே முதல் ஆளாக டிக்கெட் வாங்குகிறேன்.

லென்ஸ் கோபி

இதில் நான் உன் பக்கம்.

வேளச்சேரி வேணு

சரி, வீட்டில் பேசியாகிவிட்டது. அம்மாவுக்கு முதுகுவலி, 45 டிகிரியில் திறந்த ஜீப் ஒத்துவராது. எல்லாருமாக இப்போது முதுமலை. தடோபாவுக்கு நானும் பையன்களும் மட்டும் நவம்பர் வாக்கில் போகிறோம். நீலகிரி எக்ஸ்பிரஸில் மேட்டுப்பாளையம் இறங்கி வண்டி வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். ஊட்டியில் ஒரு நாள், அங்கிருந்து கல்லட்டி வழியாக மசினகுடி. சரிதானே?

கூடலூர்க்காரி

கல்லட்டி வேண்டாம். 36 கொண்டை ஊசி வளைவு, இறக்கம் செங்குத்து, பிரேக் சூடாகி விபத்து நடந்து நடந்து வெளியூர் வண்டி இறங்குவதற்குக் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். ஊட்டியிலிருந்து கூடலூர் வந்து தெப்பக்காட்டுக்கு இறங்குங்கள். நேரம் கூடும், ஆனால் அம்மாவின் முதுகுக்கு அதுதான் நல்லது. நீலகிரிக்கு வருகிற வண்டிகளுக்கு 2024 மேயிலிருந்து இ-பாஸ் உண்டு, வாடகை வண்டி என்றால் ஓட்டுநர் எடுத்துவிட்டாரா என்று கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள். கோடையில் காட்டுத்தீ பயத்தில் சஃபாரியை மூடிவைப்பதும் உண்டு, தெப்பக்காடு வரவேற்பு மையத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வழியில் மானுக்கு பிஸ்கட் போட இறங்கினால் அபராதம் போடுவார்கள், பையன்களிடம் சொல்லிவையுங்கள். இரவு 9 முதல் காலை 6 வரை பந்திப்பூர் பக்கச் சாலை மூடல், அதற்குத் தகுந்த மாதிரி கிளம்புங்கள்.